இரண்டு வரிக்குள் வாழ்க்கை

ஜூன் 2, திங்கள்

அடுத்த ஆண்டு காலண்டர் வேலை இன்று தொடங்கியது. கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சிவகாசியில் கிடைக்கக்கூடிய ஒரே இலக்கியப் பணி இது. தினசரி காலண்டர் தாளின் அடியில் வரும் பொன்மொழியை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. ராசி பலனும் என் பொறுப்புதான். ஜோசியர் நல்ல நேரத்தையும் ராகு காலத்தையும் கணித்துக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு ராசிக்கும் தினம் ஒரு சொல் போடுவதைச் "சாரே பாத்துக்கிடட்டும்" என்று விட்டுவிட்டார். லாபம், செலவு, சுகம், கவலை, நட்பு, பகை என்று மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். இந்த நாட்டில் எந்த நாவலாசிரியரையும் இத்தனை பேர் பல் துலக்குவதற்கு முன் படிப்பதில்லை.

அச்சக முதலாளி தங்கமாரியப்பனுக்கு இந்த ஆண்டு ஒரு யோசனை.

"நாவல் எழுதுறவுக வாழ்க்கையைப் பத்திச் சொன்னது மட்டும் போடுவோம் சார். புதுசா இருக்கும்."

போன ஆண்டு வெளிநாட்டு நாவலாசிரியர்களைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைவூட்டினேன். தை மாத முகூர்த்த நாளன்று ஒரு மேதை திருமணத்தைப் பற்றிச் சொன்னதைப் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபக்காரர் ஒருவர் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பினார். காலண்டருக்கென்று சில விதிகள் உண்டு. நகைக்கடைத் தாளில் ஆசையைக் குறை என்று வரக்கூடாது. ஜவுளிக்கடைக்கு எளிமை ஆகாது. நிதி நிறுவனத்துக்குக் கடன் ஆகாது. மரணம் எவருக்கும் ஆகாது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டால் உலக நாவலாசிரியர்களிடம் மிஞ்சுவது நிறுத்தற்குறிகள்தான்.

"அதுக்குத்தான் நம்ம ஆவுடைதாசன் ஐயா," என்றார். "நாப்பது நாவல். எண்பது வயசு. எங்கம்மா அவுக தொடர்கதையைக் கிழிச்சுத் தச்சு வச்சிருந்தாக. தத்துவம் இல்லாமலா இருக்கும்?"

இருக்கும் என்றேன். ஆவுடைதாசனை நான் இருபது வயதுக்குப் பிறகு படித்ததில்லை.

வீட்டில் தமயந்தி, கழுத்தில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது என்றாள். கொசு கடித்திருக்கும் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

ஆவுடைதாசனைப் படித்துக்கொண்டிருக்கிறேன். "வாழ்க்கை என்பது ஒரு" என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதன் பிறகு நதி, படகு, ரயில், சதுரங்கம், ஒரு முறை வாழைப்பூ. சிவகாசியில் நதி இல்லாததால் முதல் இரண்டும் பயன்படாது.

அவரையும் குறை சொல்ல முடியாது. நல்ல நாவலாசிரியர்கள் ஞானத்தைத் தங்கள் வாயால் சொல்வதில்லை. குடிகாரனிடமோ, ஏமாறப் போகிறவளிடமோ, சொத்தை அழித்தவனிடமோ கொடுத்துச் சொல்ல வைப்பார்கள். நாம் அதை மட்டும் பிய்த்தெடுத்து, கீழே ஆசிரியர் பெயரைப் போட்டால், குடிகாரன் உளறியது மகானின் வாக்காகிவிடுகிறது. காலண்டர் தொழிலே இதில்தான் நடக்கிறது.

மாலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து, மகளுக்கு வந்த வரனைப் பற்றித் தமயந்தியிடம் வெகுநேரம் யோசனை கேட்டுவிட்டுப் போனாள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. யோசனை கேட்டு வர்றவங்க முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க. காபி குடுத்தாப் போதும்."

நான் ஜனவரி நாலாம் தேதியில் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். இப்படி எழுதினேன்: அறிவுரை கேட்டு வருகிறவர் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார். காபி கொடுத்தால் போதும். – ஆவுடைதாசன்.

தற்காலிக ஏற்பாடுதான். அவர் எழுதிய உண்மையான வரி கிடைத்ததும் மாற்றிவிடலாம்.

ஜூன் 9, திங்கள்

கொசு இல்லையாம். மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மதுரை. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உளுந்து வடை நன்றாக இருந்தது. சட்னியில் தேங்காய் சேர்த்திருந்தார்கள், இந்தக் காலத்தில் இது அபூர்வம். நிழலான இடத்தில் உட்கார நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

தைராய்டில் கட்டி. எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகுதான் எந்த வகை என்று உறுதியாகத் தெரியுமாம். டாக்டர் இளைஞர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. சிலருக்குக் கொஞ்ச காலம் குரல் கம்மிப் போகும். அபூர்வமாகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

"அம்மா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"டெலிபோன் எக்சேஞ்ச். டிரங்க் கால் போட்டுக் குடுக்கிற வேலை," என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். தமயந்திதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க எடுங்க சார். எனக்குப் பயமில்ல. பயமில்லன்னு ரெண்டு தடவை சொன்னாத்தான் பயம்னு அர்த்தம். நான் ஒரு தடவைதான் சொல்லியிருக்கேன்."

பிப்ரவரி பத்தொன்பதுக்கு இது சரியாக இருக்கும்.

பஸ்ஸில் வரும்போது அவள் இரண்டாவது தடவையும் சொன்னாள்.

ஜூன் 17, செவ்வாய்

வேலை வேகம் பிடித்துவிட்டது. ஆவுடைதாசனின் நாவல்கள் மேஜையில் ஒருபுறம் இருக்கின்றன. நான் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அங்கேதான் வெளிச்சம்.

இன்றைய அறுவடையிலிருந்து கொஞ்சம். என் அக்கா போனில் பேசிவிட்டு வைத்ததும் வந்தது: மன்னித்துவிட்டேன் என்பவர்கள் தேதியையும் நினைவில் வைத்திருப்பார்கள். காலண்டருக்கென்றே பிறந்த வரி. பால்காரரிடம் சண்டை போட்டு முடித்ததும் வந்தது: கணவனும் மனைவியும் முறை வைத்துக் கோபப்பட வேண்டும். ஒரே நேரத்தில் கோபப்பட்டால் சோறு குழைந்துவிடும். (பால்காரரோடு நடந்த சண்டையில் இது எப்படி வந்தது என்று கேட்கவில்லை.) எக்சேஞ்ச் நாட்களைப் பற்றிப் பேசும்போது வந்தது: முக்கியமான விஷயத்தை மனிதர்கள் "வைத்துவிடட்டுமா" என்று கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள்.

"நீங்க பிறத்தியார் பேசுறதைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சே," என்றேன்.

"கேக்கலையே. லைன் நல்லா இருக்கான்னுதான் பாத்தேன்."

எல்லாவற்றின் கீழும் ஆவுடைதாசன் என்று போட்டிருக்கிறேன். மனிதர் இந்த வாரம் உச்சத்தில் இருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

ஆபரேஷன் 26, வியாழக்கிழமை. மகள் உமையாள் கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள்.

சுவரில் மாட்டியிருப்பது போன ஆண்டு நான் தயாரித்த காலண்டர். மாசு படிந்திருந்ததால் துடைத்தேன். துடைக்கும்போது 26ஆம் தேதித் தாள் கையோடு வந்துவிட்டது. மகர ராசிக்கு அன்று நஷ்டம் என்று போட்டிருக்கிறது. போட்டவன் நான்தான். எதை நினைத்துப் போட்டேன் என்று நினைவில்லை. ஏதாவது ஒரு ராசிக்கு நஷ்டம் வர வேண்டும், எல்லாருக்கும் லாபம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தாள் பழசு, அதனால் வந்துவிட்டது.

எதிர்வீட்டிலும் நம் காலண்டர்தான். போய்த் தேதி பார்ப்பதுபோல் பார்த்தேன். அங்கேயும் தாள் பழசாகத்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "கேஸ் சிலிண்டர் புக் பண்ணிறட்டுமா?" என்று கேட்டேன். "பண்ணுங்க," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ஜூன் 27, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது என்கிறார் டாக்டர். நரம்பு அறுபடவில்லை, ஆனால் கட்டி அதை இழுத்துப் பிடித்திருந்ததாம்.

மதியம் நர்ஸ் வந்து, "அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க," என்றாள். தமயந்தி வாயைத் திறந்தாள். வந்தது பெயர் இல்லை, காற்று. பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் வருவதுபோல் ஒரு சத்தம். அவள் அதைக் கேட்டாள். ஒரு முறை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாயை மூடினாள்.

அப்புறம் திறக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வீடு வந்தோம். உமையாள் ரசம் வைத்தாள். மருந்துகளை டப்பாவில் பிரித்து வைத்தேன்.

கட்டி மோசமான வகை இல்லை என்று காலையில் ஆஸ்பத்திரியிலேயே ரிப்போர்ட் வந்துவிட்டது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ரசத்தில் கவனம் போய்விட்டது. ரிப்போர்ட்டைப் படித்த உமையாள் அழுதாள். நான் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய், ஆஸ்பத்திரிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். பிள்ளையாருக்கும் எனக்கும் இதுவரை பழக்கம் இல்லை. நன்றி சொல்ல வேறு யாரும் அந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை.

குரலைப் பற்றி டாக்டர் சொன்னது இது. நரம்பு மெதுவாக விழித்துக்கொள்ளும். ஆனால் பேசினால்தான் வரும். எப்படி வந்தாலும் பேசிப் பழக வேண்டும், மாதக்கணக்கில் பேசாமல் விட்டால் பிறகு கஷ்டம்.

"பேசும்மா," என்று உமையாள் கெஞ்சினாள். "எப்படி வந்தா என்ன, நாங்கதான கேக்கிறோம்?"

தமயந்தி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். முப்பது ஆண்டுகள் இந்த ஊரையும் வெளியூர்களையும் அந்தக் குரலால் இணைத்தவள். நடுவில் கரகரப்பு வந்தால், "லைன் சரியில்ல, வச்சிட்டு மறுபடி போடுங்க," என்று சொல்லிப் பழகியவள். இப்போது வைத்துவிட்டாள்.

ஜூலை 5, சனி

உமையாள் ஊருக்குப் போகும்போது எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தமயந்தி பலகையை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகப் பயன்படுத்துகிறாள். பொருத்தமாக இருக்கிறது.

வீடு அமைதியாக இருக்கிறது. படிக்க வசதி.

ஜூலை 6, ஞாயிறு

படிக்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உரம் போடும் முறை பற்றிய உரை.

ஜூலை 8, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. அவள் பண்ணச் சொன்னது. பழையது இன்னும் தீரவில்லை, இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் நிற்கிறேன். ஆவுடைதாசனிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. நாற்பது நாவலையும் திரும்பப் புரட்டினேன். வாழ்க்கை என்பது ஒரு நதி என்றுதான் இருக்கிறது.

தங்கமாரியப்பன் போன் செய்தார். ஆடிப் பெருக்கன்று கடைக்காரர்களுக்குக் காட்டும் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டுமாம். "அம்மா நல்லா இருக்காகளா சார்? குரல் வந்திருச்சா?" என்றார். ஓய்வெடுக்கிறாள் என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் அவள் கதவருகே நின்றிருந்தாள். கையில் என் காபி. ஆறியிருந்தது. எப்போது கொண்டுவந்தாள் என்று தெரியவில்லை. முன்பெல்லாம் காபி வருவதற்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிடும்.

ஜூலை 10, வியாழன்

வேறு வழியில்லாமல் நானே மூன்று வரிகள் எழுதினேன்.

வீட்டில் யாரும் திட்டாத நாளில் காபி ஆறிப்போகிறது.

அமைதி வேண்டும் என்று கேட்பவர் எவ்வளவு வேண்டும் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும்.

குரல் என்பது வீட்டின் நான்காவது சுவர்.

கடைசி வரி ஆவுடைதாசனின் நடையில் அமைந்திருப்பதாக எனக்கே ஒரு திருப்தி. மீதித் தாள்களுக்கு அவருடைய நதிகளையும் படகுகளையும் நிரப்பி, எல்லாவற்றையும் அவர் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். பிடிபட்டால் பிடிபடட்டும். அவமானப்பட்டாலாவது வீட்டில் ஒரு சத்தம் கேட்கும்.

ஜூலை 14, திங்கள்

தங்கமாரியப்பன் போன்.

"சார், மகர ராசிக்கு ஜனவரியிலருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு கவலைகூட இல்லையே. சுகம், ஆதாயம், சுகம், மகிழ்ச்சி, சுகம். மத்த ராசிக்காரன் சண்டைக்கு வருவான்ல?"

"கிரக நிலை அப்படி."

"கும்பத்துக்குப் பூரா செலவும் அலைச்சலுமால்ல இருக்கு. உங்களுக்கு என்ன ராசி?"

"கும்பம்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்கு?" என்றார்.

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆவுடைதாசனே பேசினார். நான் எழுந்து நின்றுகொண்டு கேட்டேன்.

"பரமானந்தம், எல்லாத்தையும் படிச்சேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இவ்வளவு எழுதியிருக்கேனா?"

"எழுதியிருக்கீங்க ஐயா."

"மன்னிப்புக்குத் தேதி வச்சிருப்பாங்கன்னு ஒண்ணு வருதே, அது எழுபத்தேழுல எழுதுனது. அப்ப நான் வாடகை வீட்ல இருந்தேன். எழுதுன மேஜைகூட ஞாபகம் இருக்கு. ஒரு கால் ஆடும்."

"ஆமாங்கய்யா."

"ஆனா மூணு வரி என்னுது இல்ல. காபி ஆறுது, அமைதி எவ்வளவு, அப்புறம் நாலாவது சுவர்னு ஒண்ணு. யாரோ நடுவுல செருகியிருக்காங்க. எழுதுன ஆளுக்கு வாழ்க்கை அனுபவம் போதாது. எடுத்திருங்க."

எடுத்துவிடுகிறேன் என்றேன். நாற்பது நாவல்கள் எழுதியவருக்கு எது தன் வரி இல்லை என்பது சரியாகத் தெரிகிறது. எது தன் வரி என்பதில்தான் சிறு தடுமாற்றம். உலகப் புகழ் என்பது இதுதான் போலும். நல்லதாக எதைக் கேட்டாலும் நாம்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றிவிடும்.

அடுத்த வாரம் அச்சகத்துக்கு வருகிறாராம். "உங்க வீட்ல உடம்பு சரியில்லன்னு தங்கமாரி சொன்னார். வந்து பாக்கிறேன். என்னோட நாலு வார்த்தை அவங்களுக்குத் தெம்பு தரும்."

தரும் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை பதினொரு மணி போல வந்தார்கள். தங்கமாரியப்பன் கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும். ஆவுடைதாசன் வெள்ளை ஜிப்பா, ஊன்றுகோல். தமயந்தி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து கும்பிட்டாள்.

"உக்காருங்கம்மா. பேச வேண்டாம். நான் பேசுறேன்," என்றார் ஆவுடைதாசன். பேசினார்.

முதலில் நோயைப் பற்றி. தனக்கு வந்த நோயைப் பற்றி. பிறகு தைரியத்தைப் பற்றி. "பயமில்லைன்னு ரெண்டு தடவை சொன்னா பயம்னு அர்த்தம்னு நான் ஒரு நாவல்ல எழுதியிருக்கேன்."

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது. தமயந்தி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாத்துக்குடியைப் பார்த்தேன்.

"கோபம்னாலும் அப்படித்தான். புருஷன் பொண்டாட்டி முறை வச்சுக் கோபப்படணும். இல்லாட்டி சோறு குழைஞ்சு போகும். இதை நான் எழுதினப்ப எத்தனை வாசகர் கடிதம் வந்துச்சு தெரியுமா?"

தமயந்தி கத்தியைக் கீழே வைத்தாள். என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சென்ற மாதத்தில் நான் ஏன் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன் என்பது அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது. முகத்தில் முதலில் புருவம் ஏறியது, அப்புறம் உதடு இறுகியது. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் முகத்தில் எதுவுமே நடக்காமல் இருந்ததால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

ஆவுடைதாசன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. அறிவுரை கேட்டு வர்றவர் முடிவு பண்ணிட்டுத்தான் வர்றார். அதனால அவரை அன்போட அரவணைச்சு வழியனுப்பணும்."

"இல்ல."

தரையில் மரப்பெட்டியை இழுப்பதுபோன்ற சத்தம். யார் பேசியது என்று தங்கமாரியப்பன் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"காபி குடுத்தாப் போதும்," என்றாள் தமயந்தி. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நடுவில் மூச்சு வாங்கி, ஆனால் முழுசாக. "அரவணைக்க எல்லாம் வேண்டாம். காபி. அவ்வளவுதான்."

தங்கமாரியப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஆவுடைதாசன் மட்டும் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. மிகவும் மகிழ்ந்துபோயிருந்தார்.

"பாத்தீங்களா? வாசகின்னா இப்படி இருக்கணும். எழுதினவனே மறந்தாலும் வரி பிசகாமச் சொல்றாங்க. பேச முடியாதுன்னு சொன்னீங்களே தங்கமாரி?"

"பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள் அவள். "தப்பாச் சொன்னா எப்படி இருக்கிறது?"

மறுபடி கத்தியை எடுத்து, அவர்கள் போகும்வரை பீன்ஸ் நறுக்கினாள். வாசலில் ஆவுடைதாசன் என் தோளைத் தட்டி, "நல்ல வரி மனுஷனைப் பேச வச்சிரும் பரமானந்தம்," என்றார். இது அவருடைய சொந்த வரி. காலண்டரில் போடலாம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

உள்ளே வந்ததும் கேட்டாள். "எத்தனை போட்டிருக்கீங்க?"

"ஆகஸ்ட் வரைக்கும் அனேகமா எல்லாம்."

"உங்க அக்காவைப் பத்திச் சொன்னதுமா?"

"அதை மட்டும் காந்தி ஜெயந்திக்குப் போட்டேன். அக்டோபர் ரெண்டு."

இருமினாள். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அது இருமல் இல்லை. சிரிப்பு இப்போதைக்கு அப்படித்தான் வருகிறது.

"பேரை மாத்திறட்டுமா?" என்றேன். "தமயந்தின்னு போடச் சொல்றேன். தங்கமாரி கேப்பாரு."

"வேண்டாம். அவர் பேரே இருக்கட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க அக்கா வீட்லயும் இந்தக் காலண்டர்தான."

ஜூலை 26, சனி

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. உலகத்தின் பெரிய நாவலாசிரியர்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவற்றை இத்தனை ஆண்டுகளாகப் பிரதி எடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் தனிப்பட்ட முறையில் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சரியாக எழுதியதற்காக அல்ல. ஒரு வரியைத் தப்பாகச் சொன்னதற்காக.

பழைய நாவல்களைத் தூசி தட்டி அலமாரியில் வைத்தேன். வாழ்க்கை என்பது ஒரு வாழைப்பூ என்ற வரியை மறுபடி படித்தேன். அவ்வளவு மோசமில்லை.

ஜூலை 30, புதன்

மதுரை. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். நரம்பு அசைய ஆரம்பித்துவிட்டது. குரல் வரும், ஆனால் பழைய குரல் அப்படியே வராமல் போகலாம், கொஞ்சம் கனத்தே இருக்கும் என்றார்.

"பரவால்ல சார்," என்றாள். "பழசைக் கேக்க இனி யாரும் டிரங்க் கால் போடப் போறதில்ல."

டாக்டர் சிரித்தார். இன்னும் பேசுங்கள் என்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

பஸ்ஸில் திருமங்கலம் வரை டாக்டரைப் பற்றி, அதன் பிறகு விருதுநகர் வரை பஸ்ஸைப் பற்றி. களைத்துப்போய்க் கொஞ்சம் தூங்கினாள். கண்டக்டர் விசில் ஊதியபோது, தூங்குகிறாள் என்று சைகை காட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

ஆல்பம் வெளியாகிவிட்டது. தங்கமாரியப்பன் இனிப்பு கொடுத்து அனுப்பினார். ஆவுடைதாசன் வரிகளுக்கு நல்ல வரவேற்பாம். ஒரு நகைக்கடைக்காரர் மொத்தமாகக் கேட்டிருக்கிறார். ஞானம் இருக்கிறது, ஆனால் வியாபாரத்தைக் கெடுக்கவில்லை என்று பாராட்டினாராம்.

தமயந்தி காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் பேசினாள். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து, வீட்டுக்கு யார் ஆம்பளை விருந்தாளி என்று கேட்டாள். "நான்தான்," என்று தமயந்தி சொன்ன பிறகு, அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். காபி கொடுத்து அனுப்பினோம்.

நடுவே சில சொற்கள் வராமல் நின்றுவிடுகின்றன. அப்போது அவள் கையை ஆட்டிக்கொண்டு மறுபடி தொடங்குகிறாள். சாயங்காலம் ஆனால் இன்னும் தேய்ந்துவிடுகிறது. பழைய குரலோடு முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தேன். இது யார் என்று இப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருக்கிறேன். நல்ல குடும்பத்தைச் சேர்ந்த குரலாகத்தான் தெரிகிறது.

கொல்லைப்புறத்திலிருந்து "ஏங்க" என்று கூப்பிடுகிறாள். குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிட்டேன், அதுவாகத்தான் இருக்கும். முதல் தடவை கூப்பிட்டவுடனே எழுந்து போவது இத்தனை ஆண்டுகளாக என் பழக்கம். இன்று போகவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டாள்.